பனியன் ஊரும் பன்னாட்டுப் படிப்பும்

2025 ஆகஸ்ட் கடைசி வாரம். திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி வாசல். நாற்பது மெஷின் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுக்கும் நண்பர், பாதி பப்ஸைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க, பொண்ணு புதுச்சேரில எம்.ஏ. சேர்ந்திருக்கா. சர்வதேச உறவுகளாமா. அதைப் படிச்சு என்னத்துக்கு ஆகுமுங்க?” அதே மூச்சில், அமெரிக்க ஆர்டர் ஒன்று நின்றுபோனதையும், கட்டிங் முடிந்த பீஸ்கள் பண்டல் பண்டலாகக் கிடப்பதையும் சொன்னார். இரண்டும் ஒரே விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பேக்கரி பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம். பருத்திப் பின்னலாடை டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் பழைய சுங்கம் 16.5 சதவீதம். அதன்மேல் ஆகஸ்ட் 7-இல் 25. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனையாக 27-இல் இன்னொரு 25. ஐந்து டாலர் சட்டைக்கு முன்பு 82 சென்ட் கட்டியவர், அப்போது 3 டாலர் 32 சென்ட் கட்ட வேண்டியிருந்தது. அன்று வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான், பாகிஸ்தானுக்கு 19. உக்ரைன் போர், குஜராத் கரையில் இறங்கும் கச்சா எண்ணெய், இவருடைய பவர் டேபிள் தையல் மெஷின்: மூன்றையும் ஒரே நூலில் கோத்துக் காட்டும் படிப்பு எதுவோ, அதில்தான் இவர் மகள் சேர்ந்திருக்கிறாள்.

இந்த ஊர் வெளியுறவின் தயவில் வாழ்வது நேற்று இன்று வந்ததல்ல. 1974-இல் வந்த பல்லிழை ஒப்பந்தத்தின் கோட்டா முறை 2004 முடிய இருந்தது. எந்த நாடு எத்தனை உருப்படி அனுப்பலாம் என்பதைப் பணக்கார நாடுகள் எண்ணிக் கொடுத்த காலம். பழைய ஏற்றுமதியாளர்களுக்கு அமெரிக்காவின் 338/339, ஐரோப்பாவின் ‘கேட்டகரி நாலு’ என்ற கோட்டா வகை எண்கள் இன்றும் வீட்டு முகவரி மாதிரி நினைவிருக்கும். ஆர்டர் கையில் இருந்தும் கோட்டா இல்லாதவர், கோட்டா இருந்தும் ஆர்டர் இல்லாதவரிடம் பிரீமியம் கொடுத்து வாங்குவார். எங்கோ அரசுகள் பேசி முடித்த ஓர் எண், இங்கே தங்கத்தைப் போல விலை ஏறி இறங்கியது. 2005 ஜனவரி 1-இல் அது ஒழிந்தபோது, இனி திறமைக்குத்தான் மதிப்பு என்று ஊரே நம்பியது.

நம்பியது பாதிதான் நடந்தது. 2001-இலேயே ஐரோப்பிய ஒன்றியம், ஆயுதம் தவிர மற்றெல்லாப் பொருளும் வரியின்றி வரலாம் என்று மிகப் பின்தங்கிய நாடுகளுக்குக் கதவைத் திறந்திருந்தது. வங்கதேசச் சட்டைக்கு வரி பூஜ்யம். திருப்பூர்ச் சட்டைக்கு அன்று 9.6 சதவீதம். இதைவிட முக்கியமான மாற்றம் 2011-இல் வந்தது, பலர் கவனிக்கவில்லை. உற்பத்தி மூல விதியை ஐரோப்பா அந்த நாடுகளுக்கு மட்டும் தளர்த்தியது. துணி எந்த நாட்டுடையதாக இருந்தாலும், உள்ளூரில் வெட்டித் தைத்தாலே போதும், அது அந்த நாட்டுச் சரக்கு. ‘டாக்காக்காரனுக்குக் கூலி குறைவு’ என்று நாம் பேக்கரிகளில் புலம்புகிறோமே, அது உண்மைதான். ஆனால் கூலியோடு சேர்ந்து இந்த ஒரு விதியும் அவர்களுக்குத் துணை நின்றது.

இந்த விதிகளைப் படிக்க வேண்டிய சர்வதேச உறவுகள் என்ற துறையோ முதல் உலகப்போரின் பிணக்குவியலிலிருந்து பிறந்தது. 1919-இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் அதற்கான முதல் பேராசிரியர் இருக்கை அமைந்தது. போர் ஏன் மூள்கிறது என்பதே அதன் கேள்வி. இந்தியாவில் 1955-இல் டெல்லியில் அதற்கெனத் தொடங்கிய கல்விக்கூடம் 1970-இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தலைநகரில் வேர்விட்டதால் தலைநகரின் கவலைகளே பாடமாயின: அணு ஆயுதம், எல்லை, ஐ.நா. பாதுகாப்பு சபை. அதே 1970-இல் சூசன் ஸ்ட்ரேஞ்ச் என்ற ஆங்கிலேய அறிஞர், பொருளியலும் சர்வதேச உறவுகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை என்று கடிந்து எழுதினார். நான் பார்த்த நம்மூர்ப் பாடத்திட்டங்களுக்கு அந்தக் கண்டிப்பு இன்னும் பொருந்துகிறது. மார்கெந்தா என்ற கோட்பாட்டாளரின் யதார்த்தவாதத்தைப் பக்கம் பக்கமாக எழுதும் மாணவரிடம் ஒரு சுங்க அட்டவணையை நீட்டினால் விழிப்பார்.

ஆகவே நண்பரின் கேள்வி நியாயமற்றதல்ல. ஐ.எஃப்.எஸ். என்ற இந்திய வெளியுறவுப் பணிக்கு ஆண்டுக்குச் சில பத்து இடங்கள்தான். அதை நம்பி எல்லாரும் படிக்க முடியாது. ஆனால் திருப்பூரில் ஒரு காலி நாற்காலி இருக்கிறது. மெர்ச்சண்டைசர் உண்டு, ஷிப்பிங் கிளார்க் உண்டு, எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று தூக்கத்திலும் சொல்லும் ஆடிட்டர்கள் உண்டு. இவர்கள் எல்லாரும் விதி வந்தபிறகு அதற்கேற்ப நடப்பவர்கள். விதி எழுதப்படும்போதே அதைப் படிக்கிறவர்தான் இல்லை. பிரிட்டனோடு 2022 ஜனவரியில் தொடங்கிய பேச்சு, 2025 ஜூலை 24-இல் ஒப்பந்தமாகக் கையெழுத்தானது. ஆடைக்கான வரியை அது பூஜ்யமாக்குகிறது என்பது ஊருக்கே தெரியும். அதில் தொழிலாளர் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த அத்தியாயத்தை முதலாளிகள் மட்டும் படித்தால் போதாது என்பது என் கட்சி. ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் ஒடிசா, பிகார்த் தொழிலாளி, ஆர்டர் நின்றால் ரயில் ஏறிவிடுகிறார். எந்தப் பேச்சுவார்த்தை மேசையிலும் அவருக்கு நாற்காலி இல்லை. தொழிற்சங்கக்காரர் வீட்டுப் பிள்ளையும் இந்த எம்.ஏ.வில் சேர வேண்டும்.

மாநில அரசாலும் இங்கே அதிகம் செய்ய முடியாது. அயல்நாட்டு ஒப்பந்தம் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. வரி உயர்ந்ததும் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அரசமைப்பு விட்டிருக்கும் வழி அவ்வளவே. முடிவு டெல்லியுடையது: 2025 மே 17-இல் வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வரக்கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியே மட்டும்தான் என்று டெல்லி உத்தரவிட்டது. பாஸ்போர்ட்டே எடுக்காத திருப்பூர்க் காதர்பேட்டை ஆடை வியாபாரியின் சரக்கு விலையையும் தொடுகிற உத்தரவு அது.

ஆகவே புதுச்சேரியிலிருந்து ஒரு பருவம் முழுக்க அந்த எம்.ஏ. மாணவர்களை இங்கே அனுப்பலாம். ஒரு கன்டெய்னர் தூத்துக்குடியில் கப்பல் ஏறும்வரை அதன் காகிதங்களோடு கூடவே நடக்கட்டும். நூலகத்தில் கிடைக்காத பாடம் அது.

தீபாவளிக்கு நண்பரின் மகள் ஊருக்கு வந்திருந்தாள். வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து வெளியேற ஐ.நா. பொதுச்சபை குறித்த நாள் 2026 நவம்பர் 24 என்று சொன்னாள்.

“அப்ப அவங்களுக்கும் ஐரோப்பாவுல வரி வந்துருமா கண்ணு?”

“உடனே இல்லப்பா. அதுக்கப்புறம் மூணு வருசம் சலுகை உண்டு. அந்தக் கணக்குப்படி 2029.”

நண்பர் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார். மெஷின் லோன் தவணைகள் எழுதியிருந்த பக்கத்தில், கடைசித் தவணைக்குப் பக்கத்தில் 2029 என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு மகளிடம், “பிரிட்டன் ஒப்பந்தத்துல கொழந்தைங்க உடுப்பு இருக்குதான்னு பாத்துச் சொல்லு சாமி” என்றார்.