எடை பார்க்கும் மெஷினில் கணவரும் ஏறட்டும்

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் 'விசேஷம்' இல்லையென்றால், ஊர்ப்பேச்சு முதலில் மருமகளின் உடம்பைத்தான் தொடுகிறது. உடல் பருமன் கருத்தரிப்பைத் தாமதப்படுத்தும் என்பது உண்மையே. கொழுப்பு மிகும்போது இன்சுலின் சரிவர வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்ட உடல் இன்சுலினை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அது சினைப்பையில் ஆண் ஹார்மோனைத் தூண்டிவிட, மாதாமாதம் முட்டை வெளியாவது தடைபடுகிறது. கருவுற்ற பிறகும் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிசேரியன் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஆணின் உடலிலும் இதே கொழுப்பு டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. விந்தணுக்களின் எண்ணிக்கையும் குறையலாம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் ஆண்களில் சுமார் 37 சதவீதம் பேருக்கும் அதிக எடை. பழி மட்டும் ஒருவர் தலையில்!

'குண்டாக இருப்பவர்களும் பெற்றுக்கொள்கிறார்களே' என்பார்கள். பெறுகிறார்கள்தான், எடை வாய்ப்பைக் குறைக்கும், கதவை அடைத்துவிடாது. 'முதலில் இளைத்து வாருங்கள், பிறகு சிகிச்சை' என்பது எதிர்முனை. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆறு மாதம் எடைக்குறைப்புப் பயிற்சி பெற்ற பெண்களில் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அதிகம். ஆனால் உடனே சிகிச்சை தொடங்கியவர்களைவிட ஆரோக்கியமான சுகப்பிரசவங்கள் கூடவில்லை. எனவே, முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணை எடையைக் காட்டிக் காக்க வைப்பது நியாயமல்ல. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஐந்து முதல் பத்து சதவீத எடைக்குறைப்பே பல நேரங்களில் மாதவிடாயைச் சீராக்குகிறது. அந்த முயற்சி சிகிச்சையோடு சேர்ந்தே நடக்கட்டும். முதல் பரிசோதனைக்குத் தம்பதியாகவே செல்லுங்கள். இருவரின் எடையையும் குறிக்கச் சொல்லுங்கள்.