டயர் தேய்ந்தால் டிரைவர் மட்டுமா பொறுப்பு?

வணிகர்களாகிய நாம் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் சிட்டையைப் புரட்டி, பிசகு எங்கே என்று பார்க்காமல் விடமாட்டோம். ஆனால் சரக்கு வண்டியின் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து பாதி ஆயுளில் போய்விட்டால், "டிரைவர் ஓட்டுகிற லட்சணம்" என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறோம். இது தவறு என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

செங்குன்றத்தில் அரிசி ஏற்றி, கும்மிடிப்பூண்டி சிப்காட் சுற்றுவட்டாரக் கடைகளுக்குக் கொண்டு சேர்ப்பது எங்கள் பிக்கப் வண்டியின் அன்றாட வேலை. அதில் இடது பின்சக்கர டயர் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே இரண்டு ஓரங்களிலும் தேய்ந்துவிடும். இரண்டாம் முறை மாற்றியபோது டிரைவர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டோம். பல ஆண்டுகள் எங்களிடம் இருந்தவர். எதிர்த்துப் பேசவில்லை, மாதக் கடைசியில் நின்றுவிட்டார். புதியவர் ஓட்டியபோதும் அதே டயர், அதே தேய்மானம். ஒருநாள் கவரைப்பேட்டை தாண்டி அது வெடித்தது. வேகம் குறைவாக இருந்ததால் வண்டி கவிழவில்லை; ஆளுக்கும் சேதமில்லை.

பிறகுதான் பட்டறையில் விவரம் கேட்டோம். இடது பக்க ஸ்பிரிங் பட்டை தளர்ந்து அமுங்கியிருந்தது. கடைகள் சாலையின் இடப்புறம் வருவதால், இறக்கச் சுலபம் என்று கனமான மூட்டைகளை அந்தப் பக்கமே அடுக்கச் சொன்னவர்கள் நாங்கள்தாம். ஒரு நடை மிச்சமாகட்டும் என்று பத்து மூட்டை கூடுதலாகப் போடச் சொன்னவர்களும் நாங்கள்தாம்.

காற்றடைத்த டயருக்கு ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் 1888ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று நம் பக்கத்துத் தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் ஆலையிலிருந்து வெளிவரும் ரேடியல் டயர் வரை அடிப்படை மாறவில்லை. பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்றுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால் டயரின் இரண்டு ஓரங்களும் தேயும். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும். உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பிசகியிருக்கலாம். பட்டன்கள் ரம்பப் பல் போல் ஒரு பக்கம் கூராகக் கையில் தட்டுப்பட்டாலும் அதே சந்தேகம்தான். அங்கங்கே குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையோ வீல் பேலன்சையோ பார்க்க வேண்டும். டயரைப் பார்த்தாலே பிசகு எங்கே என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. வாரம் ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன்பு, டயர் ஆறியிருக்கும்போது காற்றைப் பார்க்க வேண்டும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் அளவு வேறு. பாரத்துக்கும் வெறும் வண்டிக்கும் வேறு. வண்டிக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கோடையில் டயர் சூடாகிறது என்று காற்றை இறக்கிவிடும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. காற்று குறைந்த டயர் நெளிந்து நெளிந்து இன்னும் சூடேறும் என்பதே உண்மை. சுமார் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் போட வேண்டும். பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறினால் அலைன்மென்ட் பார்த்துவிட வேண்டும். மூட்டைகளை இரு பக்கமும் சமமாக அடுக்கச் சொல்ல வேண்டும்; வழியில் பாதி இறக்கியதும் மீதியைச் சரிசெய்யவும் நேரம் கொடுக்க வேண்டும்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சரக்கு வண்டி டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது. பத்து மூட்டையில் கிடைக்கும் லாபம் இதற்கு ஈடாகுமா?

பிடித்த பணத்தைப் பழைய டிரைவரின் வீட்டுக்கே சென்று கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். வேலைக்குத் திரும்பி வரவில்லை. புது டயர் கடையில் கிடைக்கும்; நம்பிக்கையான ஆள் கிடைப்பது அரிது. ஆகவே வணிக நண்பர்கள் அடுத்த முறை டிரைவரை ஏசும் முன்பு, வண்டியின் பக்கத்தில் குனிந்து டயரை ஒருமுறை தடவிப் பார்க்க வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.