கடிதம் யார் வீட்டில் இருக்கிறது?

சுனாமி வந்தபோது நான் பிறக்கவில்லை. மூத்தாப்பாவின் றங்குப்பெட்டியைப் பற்றிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். பத்திரிகைகளுக்குக் கதை எழுதிய ஆசிரியர் அவர். எழுத்தாளர் நண்பர்கள் போட்ட கடிதங்களையெல்லாம் வருட வாரியாகக் கட்டி அந்தப் பெட்டியில் வைத்திருந்தாராம். 2004 டிசம்பர் 26 காலையில் வீட்டோடு பெட்டியும் போனது. "எல்லாம் போச்சு" என்று உம்மா சொல்வதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும்.

எல்லாம் போகவில்லை என்று எனக்குப் பட்டது, லெனார்ட் வூல்ஃபைப் பற்றி வாசித்தபோதுதான். 1904இல் சிவில் சேவை அதிகாரியாக இலங்கைக்கு வந்த ஆங்கிலேயர் அவர். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை பார்த்து, 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். அந்தப் பகுதிக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1913இல் வெளிவந்தது. அம்பாந்தோட்டையில் அரசாங்கத்துக்காக எழுதிய நாட்குறிப்பில் உப்பும் மாட்டுநோயும் வருகின்றன. அவருடைய தனிமையையும் மனச்சோர்வையும் அறிய, இங்கிருந்து தன் நண்பர் லிட்டன் ஸ்ட்ராச்சிக்கு எழுதிய கடிதங்களுக்குத்தான் போக வேண்டும். அக்கடிதங்களிலிருந்து சில பகுதிகளை 1961இல் வந்த தன்வரலாற்றில் அவரே சேர்த்தார். 1989இல் அவருடைய கடிதங்கள் தனி நூலாகவும் வந்தன. அவருடைய தாள்கள் இன்று சசெக்ஸ் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான் சொல்ல வருவது இதுதான். ஒருவர் எழுதிய கடிதம் அவர் வீட்டில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். நம் கரையோர எழுத்தாளர்களின் வீடுகளைக் கடல் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் அவர்கள் எழுதிய கடிதங்கள் கண்டியிலோ மன்னாரிலோ யாருடைய அலுமாரியிலாவது கிடக்கலாம். புது வீடு கட்டும்போது பழைய தாள்களை எரிக்கும் பழக்கம் நமக்கு உண்டு. எரிப்பதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்கிறேன். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் நம்மவர் நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்பிரதியாக்கி வைத்திருக்கிறது. கடிதங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும்.

"அடுத்தவர் கடிதத்தை வாசிப்பது சரியா? அது அமானிதமல்லவா?" என்று உம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்தது. சென்ற வருடம் புத்தளத்திலுள்ள ஒரு குடும்பம், தங்கள் வாப்பாவுக்கு மூத்தாப்பா எழுதிய பதினொரு கடிதங்களை அனுப்பி வைத்தது. பத்தில் அச்சுச் செலவு, திரும்பி வந்த கதை, வயல் வேலை. 1991இல் எழுதிய ஒன்றில், நாட்டு நிலைமைக்குப் பயந்து மகளைச் சாதாரண தரத்தோடு நிறுத்தியது பிழை என்றும், அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்த மகள் என் உம்மா. முப்பது வருடத்துக்குப் பிறகு அதை வாசித்துவிட்டு, அன்று சமைக்காமல் இருந்தார்.

ஆகவே அமானிதம் என்றால் எரிப்பது என்று நான் நினைக்கவில்லை. எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது என்று வீட்டார் தீர்மானிக்கட்டும். பத்துக் கடிதங்களை நான் ஸ்கேன் செய்துவிட்டேன். பதினொராவது உம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. இவ்வளவு எழுத மட்டும் அனுமதி தந்தார்.