ட்ரோன்கள் கூட்டமாகச் சேர்ந்து இலக்கைத் தேடுவது எப்படி? கடைசி முடிவு யார் கையில்?

2025 ஜூன் 1ஆம் தேதி ரஷ்ய விமான தளங்கள் மீது உக்ரைன் நடத்திய 'சிலந்தி வலை' தாக்குதல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன ட்ரோன்கள், தளங்களில் நிறுத்தி வைத்திருந்த குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின. 117 ட்ரோன்கள் பயன்படுத்தப்பட்டன, அதே எண்ணிக்கையில் ஆபரேட்டர்களும் வேலை பார்த்தார்கள் என்று அதிபர் ஸெலன்ஸ்கி சொன்னார்.

ராணுவங்களுக்கு இந்தக் கணக்குதான் தலைவலி. ட்ரோன்களை ஆயிரக்கணக்கில் செய்துவிடலாம். ஆனால் அவற்றை ஓட்டத் தெரிந்த ஆளை அந்த வேகத்தில் உருவாக்க முடியாது. ஒரே ஆள் பத்து ட்ரோனை அனுப்பி, 'இந்தப் பகுதியில் தேடிட்டு வா' என்று சொல்ல முடிந்தால்? ட்ரோன் கூட்டம், அதாவது 'ஸ்வார்ம்' தொழில்நுட்பத்தில் நாடுகள் பணத்தைக் கொட்டுவது இதற்காகத்தான்.

நிறைய ட்ரோன் பறந்தாலே அது 'ஸ்வார்ம்' ஆகிவிடுமா?

ஆகாது. 2022 ஜனவரியில் டெல்லியில் நடந்த பீட்டிங் ரிட்ரீட் நிகழ்ச்சியில் 1,000 ட்ரோன்கள் வானத்தில் உருவங்கள் காட்டின. பார்க்கப் பிரமாதமாக இருந்தது. ஆனால் இதுபோன்ற ஒளிக்காட்சிகளில் எந்த ட்ரோன் எந்த நொடியில் எங்கே நிற்கணும் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் பக்கத்து ட்ரோன் பொதுவாகக் கண்டுகொள்ளாது.

2025 மே மாத மோதலின்போது, ஒரே இரவில் 36 இடங்களை நோக்கி பாகிஸ்தான் 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக இந்தியா தெரிவித்தது. அப்போதும் 'ட்ரோன் ஸ்வார்ம்' என்ற வார்த்தை தாராளமாக அடிபட்டது. எண்ணிக்கையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு ட்ரோன் பார்த்ததை வைத்து இன்னொரு ட்ரோன் தன் வேலையை மாற்றிக்கொண்டால்தான் அது ஸ்வார்ம்.

இதன் அடிப்படை பறவைகளிடமிருந்து வந்தது. பறவைக் கூட்டம் பறப்பதை மூன்றே விதிகளில் கணினியில் கொண்டுவர முடியும் என்று 1980களில் காட்டியவர் அமெரிக்காவின் கிரெய்க் ரெனால்ட்ஸ். பக்கத்தில் இருப்பதை இடிக்காதே. அது போகும் திசையிலேயே போ. கூட்டத்தை விட்டு விலகாதே. அவ்வளவுதான், தலைவன் என்று யாரும் தேவையில்லை.

தேடுவது எப்படி?

சேர்ந்து பறப்பது சுலபமான பாதி. தேடுவதுதான் கஷ்டம்.

தேட வேண்டிய பகுதியை சாஃப்ட்வேர் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். இலக்கு இங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண். பார்த்து முடித்த கட்டத்தின் மதிப்பெண் குறையும், அந்தத் தகவல் மற்ற ட்ரோன்களுக்கும் போகும். இதனால் பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்து பேட்டரியை வீணாக்குவது குறைகிறது.

ஒரு ட்ரோன் எதையோ பார்த்துவிட்டது. கிட்டே போய் உறுதி செய்வது யார்? இதற்கு ஏல முறை ஒன்று உண்டு. எவ்வளவு தூரம், எவ்வளவு பேட்டரி மிச்சம் என்பதை வைத்து ஒவ்வொரு ட்ரோனும் ஒரு 'விலை' சொல்லும். குறைந்த விலை சொன்னது கிளம்பும். நடுவில் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டால் அதன் கட்டங்களை மற்றவை பங்கு போட்டுக்கொள்ளும்.

வீடியோவை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தால் சிக்னல் தாங்காது, ஜாமர் வைத்து முடக்குவதும் எளிது. அதனால் படத்தை ட்ரோனுக்குள்ளேயே ஏஐ அலசிவிடும். 'இந்த இடத்தில் கவச வண்டி மாதிரி ஒன்று' என்ற சின்னத் தகவல் மட்டுமே வெளியே போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

களத்தில் எந்த அளவுக்கு வந்திருக்கிறது?

2016 அக்டோபரில் அமெரிக்கா மூன்று போர் விமானங்களிலிருந்து 103 'பெர்டிக்ஸ்' குட்டி ட்ரோன்களை வீசிச் சோதித்தது. 2021 மே மாதம் காஸாவில் இலக்குகளைத் தேட இஸ்ரேல் ட்ரோன் கூட்டத்தைப் பயன்படுத்தியதாகச் செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஜனவரி 15, ராணுவ தினத்தில் இந்திய ராணுவம் 75 ட்ரோன்களைச் சேர்த்துப் பறக்கவிட்டுக் காட்டியது.

நிஜப் போரில் எண்ணிக்கை இன்னும் சின்னதுதான். உக்ரைனில் 'ஸ்வார்மர்' என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேரை வைத்து ஒரு படைப்பிரிவு வழக்கமாக மூன்று ட்ரோன்களையே சேர்த்து அனுப்புகிறது என்று 2025 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. ஒன்று வேவு பார்க்கும், மற்ற இரண்டும் குண்டு சுமக்கும். எந்தப் பகுதி என்பதை வீரர்கள் குறித்துக் கொடுக்கிறார்கள். எப்போது தாக்குவது என்பதை ட்ரோன்கள் தங்களுக்குள் முடிவு செய்கின்றன.

மூன்று ட்ரோன் சொன்னால் மூன்று சாட்சியா?

கூட்டமாகத் தேடுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய வாதம், 'ஒன்று தப்பாகப் பார்த்தாலும் மற்றவை சரி செய்துவிடும்' என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஒரு பேச்சுக்கு, ஒரு ட்ரோன் தப்பாக அடையாளம் காண 30 சதவீதம் வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பார்த்தால், மூன்றுமே ஏமாறும் வாய்ப்பு 2.7 சதவீதம்தான். ஆனால் மூன்றிலும் ஓடுவது ஒரே சாஃப்ட்வேர், ஒரே படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்த ஒரே ஏஐ. நிழல், வெளிச்சம், மறைப்பு போன்ற குழப்பங்களை வேறு கோணத்திலிருந்து பார்த்துத் தீர்க்கலாம். டிராக்டரைக் கவச வண்டி என்றே கற்றுக்கொண்டிருந்தால் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது கவச வண்டிதான். அப்போது தவறு 2.7-க்கு இறங்காது, 30-க்குப் பக்கத்திலேயே நிற்கும். ஆபரேட்டரின் திரையிலோ 'மூன்று ட்ரோன்கள் உறுதி செய்தன' என்று வரும். முழு வீடியோ அவரிடம் இல்லை, யோசிக்கச் சில நொடிகள்தான். அந்த நிலையில் எத்தனை பேர் 'வேண்டாம்' என்று சொல்வார்கள்?

மனிதத் தலையீடு இல்லாமல் உயிரைப் பறிக்கும் ஆயுதங்களுக்கு 2026க்குள் சட்டப்படியான தடை வேண்டும் என்பது ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரஸின் கோரிக்கை. இத்தகைய ஆயுதங்கள் பற்றிய தீர்மானம் 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த நான்கில் இந்தியாவும் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கனவே நடக்கும் பேச்சுக்கு இணையாக இன்னொரு தடம் வேண்டாம் என்பது டெல்லியின் வாதம்.

தாக்குதலுக்கு மனிதரின் அனுமதி வேண்டும் என்பதைப் பல நாடுகள் வாயளவில் ஏற்கின்றன. அந்த அனுமதி ஒவ்வொரு இலக்குக்கும் தனித்தனியாக வேண்டுமா, உக்ரைனில் செய்வதுபோல ஒரு பகுதிக்கு மொத்தமாகக் கொடுத்தால் போதுமா என்பதில்தான் இழுபறி.