புகையோடு போகும் பாதரசம்

விசைத்தறி ஓடுவதற்கும், கிணற்று மோட்டார் நீர் இறைப்பதற்கும், கைத்தறி நெய்வோர் இல்லங்களில் விளக்கு எரிவதற்கும் வேண்டிய மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஆதலின் அந்நிலக்கரியின் புகையில் என்ன போகிறது என்று கேட்கும் உரிமை நம் அங்கத்தினர்களுக்கு உண்டு; கடமையும் உண்டு என்பது நம் கருத்து.

சாம்பலைப் பற்றி யாவரும் அறிவர். பாதரசத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஒரு டன் நிலக்கரியில் அது ஏறத்தாழ 0.1 கிராம் அளவே இருப்பதால் அதனை அற்பமென்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் சில்லறையையும் கூட்டிப் பார்ப்பதுதானே தணிக்கை? 210 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்கு 3,000 டன் அளவில் நிலக்கரி எரிக்கும். அதில் அடங்கிய பாதரசம் 300 கிராம். ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ. இஃது ஓர் அலகின் கணக்கு மட்டுமே.

உலையின் வெப்பத்தில் இப்பாதரசம் முழுவதும் ஆவியாகிவிடுகிறது. புகை குளிரும்போது ஒரு பகுதி சாம்பல் துகளில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பகுதி நிலக்கரியிலுள்ள குளோரினோடு கூடி நீரில் கரையும் உப்பாக மாறும். எஞ்சியது ஆவியாகவே புகைபோக்கியைக் கடந்து பல மாத காலம் காற்றில் அலைந்து, எங்கோ ஒரு நாட்டின் ஏரியிலோ கடலிலோ விழும். நீர் தேங்கிக் காற்றோட்டமற்ற சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, நஞ்சும் படிப்படியாகச் செறிந்துகொண்டே போகும். நெத்திலியில் குறைவாகவும் சுறாவில் மிகுதியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுவே. பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுறா சமைத்துக் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். கருவுற்ற காலத்திலும் பெருமீன்களை மிகுதியாக உண்டால், அந்நஞ்சு கருவிலிருக்கும் சிசுவின் மூளையைத் தாக்கும் என்பதை வீட்டிலுள்ளோர் அறிந்திருத்தல் நன்று.

நெல் விளைவிப்போரும் இதனைக் கவனிக்க வேண்டும். நீர் நிற்கும் வயலின் சேறும் அத்தகைய சேறே. சீனத்தின் குய்சோ மாகாணத்தில் பாதரசச் சுரங்கம் இருந்த வான்ஷான் பகுதியில், மக்கள் உடலில் மெத்தில் பாதரசம் சேர்ந்த முதன்மையான வழி மீன் அல்ல, அரிசியே என்று ஆய்வாளர் கண்டனர். நம் வயல்கள் அந்நிலையில் உள்ளன என்று நாம் கூறவில்லை. வழி எத்தகையது என்பதைக் காட்டவே கூறினோம். மனிதர் செயலால் காற்றில் கலக்கும் பாதரசம் முழுவதற்கும் நிலக்கரியே பொறுப்பு என்பதுமில்லை. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி அதன் பங்கு ஐந்தில் ஒன்று. முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு.

இதனைத் தடுக்க வழி இல்லையா எனின், உண்டு, புதியதும் அன்று. மின்னூட்டிய தகடுகளால் சாம்பலை ஈர்க்கும் சாதனம் துகளோடு ஒட்டிய பாதரசத்தைப் பிடிக்கும். அதனினும் சிறந்தது துணிப்பை வடிகட்டி. நெசவாளர்கள் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர். வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை முதலியவற்றால் ஆன நீண்ட பைகளின் வழியே புகை ஊடுருவிச் செல்லும். துணிமேல் படியும் சாம்பலே இரண்டாவது வடிகட்டியாகி ஆவியையும் ஓரளவு பற்றும். அப்புகையில் செறிவூட்டிய கரித்தூளைத் தூவினால் ஆவி அத்தூளில் ஒட்டிப் பைகளில் சிக்கிக்கொள்ளும். (கொட்டாங்கச்சிக் கரிக்கு இதனால் புதுச் சந்தை பிறக்குமென எவரும் அவசரப்பட வேண்டாம்; இவ்வேலைக்குப் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த தூளே பயன்படுகிறது.) கந்தகத்தை நீக்கச் சுண்ணாம்புக்கல் கரைசலால் புகையைக் கழுவும் கோபுரமோ, நீரில் கரையும் பாதரச உப்பையும் சேர்த்தே கழுவி எடுக்கும். அமெரிக்காவில் 2011இல் விதி செய்து இவற்றைக் கட்டாயமாக்கும் வகையில் அளவு நிர்ணயித்தபின், மின்நிலையப் பாதரசம் 2010க்கும் 2017க்கும் இடையே 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

பிடித்த பாதரசம் மறைந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது சாம்பலுக்கும் ஜிப்சத்திற்கும் போகிறது. அச்சாம்பலைக் கலந்து செங்கல் அறுத்துச் சூளையில் சுட்டால் மீண்டும் வானேறும். ஒரு பேரேட்டில் தீர்த்த பற்றை வேறொரு பேரேட்டில் ஏற்றுவதற்கு இஃது ஒப்பாகும்.

நம் நாட்டின் நிலை என்ன? பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்று உறுதி செய்தது. அதற்கு முன்பே, 2015 டிசம்பரில், மின்நிலையப் புகையில் ஒரு கன மீட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருத்தல் கூடாது என மத்திய அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2003 முடிவதற்குள் நிறுவப்பட்டவற்றுள் 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளை அவ்வரம்பு தொடவில்லை. தூத்துக்குடியில் நிறுவிய ஐந்து அலகுகளும், மேட்டூரில் முதலில் நிறுவிய நான்கும், வடசென்னையில் முதலில் நிறுவிய மூன்றும் 210 மெகாவாட் அலகுகளே! அதே அறிவிக்கையில் கந்தகத்துக்கு 2017க்குள் என்றிருந்த கெடு பலமுறை தள்ளிப்போய், 2025 ஜூலையில் பெரும்பான்மையான நிலையங்களுக்கு அக்கட்டாயம் நீங்கிற்று. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. கந்தகம் குறைவுதான், ஆனால் கழுவும் கோபுரம் பிடிக்கும் பாதரசத்தை யார் கணக்கில் எடுத்தார்?

செலவு கூடுமே என்பர். கூடும்; அது மின்கட்டணத்தில் ஏறவும் கூடும். விசைத்தறிச் சங்கங்களுக்கு இது பிடிக்காத பேச்சு என்பதை அறிந்தே சொல்கிறோம். இன்று நாம் செலுத்தாத அத்தொகையை, ஏரியில் வலை வீசுவோரும் இனிப் பிறக்கும் குழந்தைகளும் உடலால் செலுத்துகின்றனர். பிறர் தலையில் கடனை ஏற்றி லாபம் காட்டும் சங்கத்தை எந்த ஆய்வாளரும் நல்ல சங்கமென்று எழுதமாட்டார்.

அடுத்த பொதுப்பேரவையில் நம் சங்கங்கள் இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றி அரசாங்கத்துக்கு அனுப்பலாம். பழைய சிறிய அலகுகள் ஓடும் காலம்வரை அவற்றுக்கும் பாதரச வரம்பு வேண்டும் என்பது ஒன்று. ஒவ்வொரு புகைபோக்கியிலும் அளந்த பாதரச அளவை, சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டத்தக்க எளிய தமிழில் மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்பது மற்றொன்று.