வெறும் 6 க்யூபிட்தானா? புனே லேப் செய்ததில் உங்களுக்கு என்ன இருக்கு?

நிக்டியில் வாடகை வீடு, ஹிஞ்சவடியில் ஐ.டி வேலை. இதுதான் உங்கள் தினசரி என்றால், உங்க ஊர் லேப் பற்றிய இந்தச் செய்தியைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம்.

2024 ஆகஸ்டில், புனேயில் உள்ள டி.ஆர்.டி.ஓ-வின் குவாண்டம் ஆய்வகமும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீக்கடத்தியால் ஆன 6 க்யூபிட் ப்ராசஸரை முழுமையாகச் சோதித்து முடித்தன. 'ஐ.பி.எம் 2023-லேயே 1,121-ஐத் தொட்டாச்சே!' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால், முதலில் சிப்புக்குள் போய்ப் பார்ப்போம்.

அலுமினியத்தைச் சுமார் 1.2 கெல்வினுக்குக் கீழே குளிர்வித்தால் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்கின்றன. எல்லா ஜோடிகளும் ஒரே தாளத்துக்கு வந்துவிடுகின்றன. எந்தத் தாளமும் சாத்தியம்தான். ஆனால் ஒன்று அமைந்துவிட்டால், 'எல்லாம் சமம்' என்ற நிலை போச்சு. இதுதான் 'சமச்சீர் முறிவு'.

இப்படி இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே, ஓரிரு நானோமீட்டர் தடிமனில் மின்சாரம் கடத்தாத படலத்தை வைத்தால்? மின்னோட்டம் நிற்கணும். நிற்காது! இருபக்கத் தாளங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து, வோல்டேஜே இல்லாமல் ஜோடிகள் ஊடுருவிப் போகும். 1962-ல் இதைக் கணித்த பிரையன் ஜோசப்சன் 22 வயது மாணவர். கேம்பிரிட்ஜில் பிலிப் ஆண்டர்சன் சமச்சீர் முறிவு பற்றி எடுத்த வகுப்புதான் அவருக்குப் பொறி. டிரான்சிஸ்டருக்காக நோபல் வாங்கிய ஜான் பார்டீனே இதை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டே சோதனை மாணவர் சொன்னதை உறுதிசெய்தது. 1973-ல் அவருக்கும் நோபல். இதே சந்தியை வைத்து 1980-களில் சோதனை செய்த மூவருக்குத்தான் 2025 இயற்பியல் நோபல்.

இந்த வகைச் சிப்பில் க்யூபிட்டின் உயிர்நாடி இந்தச் சந்திதான். சின்னச் சத்தம், துளி வெப்பம் போதும், கணக்கு தப்பிவிடும். அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஐ.பி.எம்மே 1,121 க்யூபிட் சிப்போடு அறிமுகம் செய்த 133 க்யூபிட் ஹெரானைத்தான், பிழை குறைவு என்பதால் முன்னிறுத்தியது.

நம்ம 6 க்யூபிட்டில், சிப் மும்பையில் வடிவமைத்து உருவாக்கப்பட்டது. அதைக் கட்டுப்படுத்தி அளக்கும் கருவித் தொகுப்பை புனே குழு அமைத்தது: கடையில் கிடைக்கும் எலக்ட்ரானிக்ஸ், கூடவே தாங்களே புரோகிராம் செய்த போர்டுகள். க்ளவுட் இடைமுகம் டி.சி.எஸ் உடையது. மூன்றில் இரண்டு வேலைகளுக்கு இயற்பியல் பட்டத்தைவிட, உங்களைப் போன்றவர்களின் அனுபவம்தான் அதிகம் தேவை என்பது என் கணிப்பு.

2023-ல் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ரூ.6,003.65 கோடி. 8 ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் என்பது இலக்கு. பணம் நம் வரிப்பணம். அடுத்த அறிவிப்பு வரும்போது, எத்தனை க்யூபிட் என்பதோடு பிழை விகிதத்தையும் சொல்கிறார்களா என்று பாருங்கள்.