எதுக்கெடுத்தாலும் சிடியா?

நாலு நாளா வயித்து வலி, தினம் ஆறு தடவை பாத்ரூம். டாக்டர்கிட்ட போனேன். வயித்துல கை வைக்கிறதுக்கு முன்னாடியே சீட்டு எழுதிட்டார்: சிடி ஸ்கேன். எனக்குக் க்ரோன் நோய் வந்த பத்து வருஷத்துல இது ஏழாவது.

"சார், அல்ட்ராசவுண்டுல பார்க்க முடியாதா?"ன்னு கேட்டேன். "குடல்ல கேஸ் இருக்கும், ஒண்ணும் தெரியாது"ன்னார். இந்தப் பதில்தான் என்னை எழுத உட்கார வச்சிருக்கு.

தெரியும்யா, நல்லாவே தெரியும்! குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்குள்ள இருக்கணும். அழற்சி இருந்தா தடிக்கும். டாப்ளர் போட்டா அந்த இடத்துல ரத்த ஓட்டம் கூடியிருக்கிறது தெரியும். ஜெர்மனி, இத்தாலியில குடல் டாக்டரே இதைப் பார்த்துடறார்.

பிரிட்டனில் 8 மருத்துவமனைகளில் நடந்து 2018ல் வெளியான மெட்ரிக் ஆய்வு, எம்.ஆர். என்டரோகிராபியையும் அல்ட்ராசவுண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டது. சிறுகுடலில் நோய் இருக்குறவங்களைக் கண்டுபிடிச்சதில் எம்.ஆர். 97 சதவீதம், அல்ட்ராசவுண்ட் 92. எதுவரை பரவியிருக்குன்னு சரியா சொன்னதில் 80க்கு 70. எம்.ஆர். ஜெயிச்சது, ஒத்துக்கறேன். ஆனா 92 எங்கே, "ஒண்ணும் தெரியாது" எங்கே? ரெண்டுலயும் கதிர்வீச்சு கிடையாது என்பதையும் சேர்த்துக்குங்க.

வயிற்று சிடி ஒண்ணுக்குச் சுமார் 10 மில்லிசீவர்ட். இயற்கையில் நமக்கு வருஷத்துக்குக் கிடைக்கிறது, உலக சராசரி 2.4. ஒரு தடவைன்னா பயப்பட ஒண்ணுமில்லை. ஆனா க்ரோன் பெரும்பாலும் சின்ன வயசுலயே வந்து கடைசிவரை கூடவே இருக்கிற நோய். கணக்கு ஏறிக்கிட்டே போகும். அந்தக் கணக்கை யாராவது எழுதி வைக்கிறாங்களா? என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டேன், இல்லை.

சிடியே கூடாதுன்னு சொல்ல வரலை. குடல்ல ஓட்டை, சீழ்க்கட்டி, அடைப்புன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு சிடிதான் கைகொடுக்கும். என் மூணாவது சிடி அப்படித்தான் சீழ்க்கட்டியைக் காட்டிக்கொடுத்தது. மத்த ஆறும், மருந்து வேலை செய்யுதா, நோய் எவ்வளவு தீவிரமா இருக்குன்னு பார்க்க எடுத்தது. அந்தக் கேள்விக்கு எதுக்குங்க எக்ஸ்ரே?

எம்.ஆர். விலை அதிகம், ஒரு லிட்டருக்கு மேல அந்தத் திரவத்தைக் குடிச்சுட்டு உள்ளே படுக்கணும், சரி. அல்ட்ராசவுண்ட்? கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ம் வருஷத்துச் சட்டப்படி மெஷினைப் பதிவு பண்ணணும். குடல் டாக்டர் தன் அறையில வச்சுக்கிறது லேசில்லை. (சட்டம் அவசியம்தான், அதைக் குறை சொல்லலை.) ஆனா ஸ்கேன் சென்டர்ல பதிவான மெஷின் சும்மாவா இருக்கு? பித்தப்பைக் கல்லைப் பார்க்கிற அதே கை, குடல் சுவரை அளக்கவும் பழகணும். யாரும் அனுப்பாததால யாரும் பழகலை, யாரும் பழகாததால யாரும் அனுப்பலை.

சீட்டை இன்னும் சட்டைப் பையிலயேதான் வச்சிருக்கேன். குடல் அல்ட்ராசவுண்ட் பழகின ரேடியாலஜிஸ்ட் யாரையாவது தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. காய்ச்சல், விடாத வாந்தி, வயிறு கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா இந்தப் பதிவை நம்பி உட்காராம ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. அங்கே சிடி எடுக்கச் சொன்னா எடுத்துக்குங்க.